உலோகத்தைச் சுவாசிக்கும் நீர்வாழ் பாக்டீரியா: ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் ஒரே நாளில் ஒரே துருநிறக் கலவையை ஊற்றி, ஒன்றில் மட்டும் பாக்டீரியாவைச் சேர்த்து வைத்தோம். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்க்கிறோம். பாக்டீரியா இல்லாத குப்பி அன்று இருந்தபடியே செங்காவி நிறத்தில் இருக்கிறது. மற்றதன் அடியில் கறுப்பாக ஒரு படிவு. குப்பியின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்து மெல்ல மேலே இழுத்தால், அந்தக் கறுப்புப் பொடி கண்ணாடியை ஒட்டியபடியே காந்தத்தின் பின்னால் ஏறி வருகிறது. துரு, மேக்னடைட் என்னும் காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்பு ஆக்ஸைடாகிவிட்டது. நெருப்போ கடும் அமிலமோ தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று மூச்சுவிட்டதில் நடந்த மாற்றம் இது.

இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் பிறகு இந்தத் துறையை விட்டுப் போவது அரிது. ஆனால் அந்தக் காந்தம் வரை போய்ச் சேருவதற்குள் புதியவர்கள் வழுக்கி விழும் இடங்கள் பல. எங்கே தொடங்குவது, எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது, எங்கே நின்று யோசிப்பது என்று ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி எழுத முயல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

பாடநூலைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது? இந்தத் துறையில் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையையும், செய்யும் ஒவ்வொரு சோதனையையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்க்கலாம்.

நாம் உணவிலிருந்து எடுக்கும் எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்ஸிஜனிடம் போகின்றன. அதற்காகத்தான் மூச்சு. ஆற்றுப் படுகையிலும் ஏரியின் அடிவண்டலிலும் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் அதே எலக்ட்ரானை ஃபெரிக் இரும்பின் (துருவில் இருக்கும், மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு) மீதோ மாங்கனீசு ஆக்ஸைடின் மீதோ இறக்கிவைக்கின்றன. எலக்ட்ரானைப் பெறுவதுதான் ஒடுக்கம். ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் (இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்த இரும்பு) ஆகிறது. திண்மமான மாங்கனீசு ஆக்ஸைடு கரைந்து நீரில் கலக்கிறது.

சிக்கல் என்னவென்றால் ஆக்ஸிஜன் செல்லுக்குள் நுழையும், துரு நுழையாது. ஆகவே எலக்ட்ரானைச் செல்லுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஷெவனெல்லா என்னும் பேரினம் இதற்கென ஒரு தொடரையே வைத்திருக்கிறது. உட்சவ்வில் இருக்கும் சைம்ஏ புரதம் எலக்ட்ரானை வாங்கி, இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கடக்கவிடுகிறது. வெளிச்சவ்வில் எம்டிஆர்பி என்னும் புரதம் ஒரு குழாய்போலப் பதிந்திருக்க, அதற்குள் எம்டிஆர்ஏ செருகியிருக்கிறது, வெளிப்பக்கம் எம்டிஆர்சி. எம்டிஆர்ஏ, எம்டிஆர்சி இரண்டிலும் பத்துப் பத்து ஹீம்கள் (இரும்பைத் தாங்கிய சிவப்பு மூலக்கூறுகள்). இந்த இருபது ஹீம்களும் வரிசையாக நின்று எலக்ட்ரானைக் கைமாற்றி விடுகின்றன. போதாததற்கு, இந்தப் பாக்டீரியா ஃபிளாவின் மூலக்கூறுகளையும் வெளியே சுரக்கிறது. அவை எலக்ட்ரானைச் சுமந்துகொண்டு தாதுவுக்கும் செல்லுக்கும் இடையே போய்வருகின்றன.

ஹீம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். இரவு முழுக்க வளர்த்த ஷெவனெல்லாவை மையவிலக்கியில் சுழற்றி எடுத்தால், குழாயின் அடியில் தங்கும் செல்கள் இளஞ்சிவப்பாக, சால்மன் மீனின் சதைபோல இருக்கும். ஈ.கோலை அப்படி இராது, வெளிறிய மஞ்சளாகத்தான் தங்கும். வளர்ந்தது சரியான பாக்டீரியாதானா என்று நான் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

எந்தப் பாக்டீரியாவில் தொடங்குவது

ஷெவனெல்லா ஒனிடென்சிஸ் எம்ஆர்-1. தயங்கவே வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரி வண்டலிலிருந்து கிடைத்தது. சார்ல்ஸ் மையர்ஸும் கென்னத் நீல்சனும் 1988-இல் இதை வெளியிட்டார்கள். மாங்கனீசு ஆக்ஸைடை மட்டுமே எலக்ட்ரான் ஏற்பியாக வைத்து இது வளரும் என்று காட்டியதுதான் அந்த ஆய்வின் பெருமை. பெயரில் உள்ள எம்ஆர் என்பதும் மாங்கனீசு ஒடுக்கியைக் குறிப்பதே. இதன் மரபணுத் தொகுதி 2002-இல் வெளியானது. ஆக்ஸிஜன் இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது: கிளறி வளர்ப்பது, கல்ச்சர் சுத்தமா என்று பார்ப்பது, சேமிப்பது எல்லாவற்றையும் சாதாரணக் காற்றிலேயே முடித்துவிடலாம்.

இன்னொரு பெரிய பெயர் ஜியோபாக்டர். டெரெக் லவ்லி குழுவினர் பொட்டாமக் ஆற்று வண்டலிலிருந்து 1980-களில் பிரித்தெடுத்தது. இயற்கை வண்டலிலும் நிலத்தடி நீரிலும் பல நேரம் ஜியோபாக்டர்தான் முன்னணியில் இருக்கும். அசிடேட்டை முழுவதும் கார்பன் டை ஆக்ஸைடாக எரித்துவிடும் திறனும் அதற்கு உண்டு. ஆனால் காற்றில்லாமல் வேலை செய்யும் பழக்கம் கைவந்த பிறகே அதைத் தொடுங்கள்.

பாக்டீரியா சேமிப்பகத்திலிருந்து வாங்கிய அன்றே கிளிசராலுடன் கலந்து, சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அங்கிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

பாதுகாப்பு: எம்ஆர்-1 பொதுவாக உயிரிப் பாதுகாப்பு நிலை 1-இல் கையாளப்படுகிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஷெவனெல்லா ஆல்கே மனிதரில் தொற்று உண்டாக்குவது, நிலை 2. ஏரியிலோ கடலிலோ நீங்களே பிரித்தெடுத்தது இன்னதென்று உறுதியாகும்வரை நிலை 2 என்றே கொள்ளுங்கள். ஆறு மதிப்புள்ள (ஆறு எலக்ட்ரான் இழந்த நிலையிலுள்ள) குரோமியம், யுரேனியம் போன்றவற்றை அனுமதியும் பயிற்சியும் உள்ள ஆய்வகத்துக்கு வெளியே தொடவே கூடாது. கற்றுக்கொள்ள இரும்பும் மாங்கனீசும் தாராளமாகப் போதும்.

துருவை நீங்களே தயாரியுங்கள்

கடையில் வாங்கும் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு பெரும்பாலும் நன்கு படிகமான ஹெமடைட். பாக்டீரியா அதை மிக மெதுவாகத்தான் ஒடுக்கும். வேண்டியது படிகமாகாத ஃபெரிஹைட்ரைட். 0.4 மோலார் ஃபெரிக் குளோரைடு கரைசலைக் கலக்கிக்கொண்டே, சோடியம் ஹைட்ராக்ஸைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 7-க்குக் கொண்டுவாருங்கள். பிஎச் 4 வரை பொறுமையைச் சோதிக்கும். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கே தாவும். 7-ஐத் தாண்டவிட்டால் தாதுவின் தன்மை மாறிவிடும், ஆகவே கடைசிச் சொட்டுகளில் நிதானம் தேவை. பிறகு மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, புதுநீர் ஊற்றி, நாலைந்து முறை கழுவுங்கள். குளோரைடு போக வேண்டும்.

கிடைப்பது கூழ்போன்ற செம்பழுப்புக் குழம்பு. அதை உலர்த்தாதீர்கள், உறையவிடவும் வேண்டாம். இரண்டுமே துகள்களைக் கட்டியாக்கிப் பரப்பளவைக் குறைத்துவிடும். குளிர்பெட்டியில் குழம்பாகவே வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்துங்கள். நாள்பட நாள்பட அது தானாகவே கோதைட், ஹெமடைட் என்று படிகமாகிக்கொண்டு போகும். "போன மாதம் வேலை செய்தது, இந்த மாதம் செய்யவில்லை" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது துருவின் வயதைத்தான்.

கரைந்த இரும்பு வேண்டுமென்றால் ஃபெரிக் சிட்ரேட் இருக்கிறது. வேகமாக ஒடுங்கும், அளக்கவும் எளிது. ஆனால் வெளிச்சம் பட்டால் பாக்டீரியா இல்லாமலேயே ஒடுங்கும். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள்.

வளர்ப்பு ஊடகத்தை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள்: தாது உப்புகள், பிஎச்சை 7 சுற்றுவட்டத்தில் பிடித்துவைக்கும் ஹெப்பஸ் தாங்கல், எலக்ட்ரான் வழங்கியாக 10 அல்லது 20 மில்லிமோலார் லாக்டேட். ஈஸ்ட் சாற்றைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள பொருள்களும் எலக்ட்ரான் தரும், உங்கள் கணக்கு கலங்கும்.

காற்றை வெளியேற்றுவது

தடித்த பியூட்டைல் ரப்பர் மூடி, அதன் மேல் இறுக்கிய அலுமினிய வளையம், ஊசி வழியே நைட்ரஜன். முறை இவ்வளவுதான். சாதாரண ரப்பர் மூடி ஆக்ஸிஜனைக் கசியவிடும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ரெசசூரின் என்னும் சாயத்தைத் துளி சேர்த்தால் ஆக்ஸிஜன் இருக்கும்வரை இளஞ்சிவப்பு காட்டும், நீங்கினால் நிறமற்றுப் போகும். மாதிரி எடுக்கும் ஊசிக்குழாயையும் நைட்ரஜனால் மூன்று முறை இழுத்துத் தள்ளிவிட்டே குத்துங்கள்.

இங்கே என் கண்ணெதிரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்றில்லா ஊடகங்களில் எஞ்சிய ஆக்ஸிஜனை நீக்க சிஸ்டீன் சேர்ப்பது வழக்கம். ஓர் ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் அதே பழக்கத்தில் இரும்பு ஊடகத்திலும் சேர்த்துவிட்டார். குப்பிகள் அருமையாக ஒடுங்கின, வரைபடம் அழகாக வந்தது. இரண்டு மாதம் போன பிறகுதான் பாக்டீரியா இல்லாத ஒரு குப்பியை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் ஒடுங்கியிருந்தது. சிஸ்டீன் தானே ஃபெரிக் இரும்பை ஒடுக்கும். சல்ஃபைடும் ஒடுக்கும், அஸ்கார்பிக் அமிலமும் ஒடுக்கும். அன்று அந்த மாணவரின் முகத்தைப் பார்த்தவன் என்பதால், கன்ட்ரோல் குப்பிகளைப் பற்றி நான் சலிக்காமல் பேசுவேன்.

கன்ட்ரோல் குப்பிகள்

குறைந்தது மூன்று வேண்டும். பாக்டீரியா சேர்க்காதது ஒன்று. சூட்டில் கொன்ற பாக்டீரியாவைச் சேர்த்தது ஒன்று. உயிருள்ள பாக்டீரியா இருந்தும் லாக்டேட் இல்லாதது ஒன்று. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிக முக்கியமானது அதுதான். எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நேரடிப் பதில் அங்கேதான் இருக்கிறது. லாக்டேட் இல்லாமலும் இரும்பு கணிசமாக ஒடுங்கினால், நீங்கள் செல்களைச் சரியாகக் கழுவவில்லை, பழைய ஊடகத்தின் சாறு கூடவே வந்திருக்கிறது என்று பொருள். எம்டிஆர்சியோ சைம்ஏயோ நீக்கப்பட்ட மரபுத்திரிபு கிடைத்தால் நான்காவதாக அதையும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் மும்மூன்று குப்பிகள்.

அளப்பதும் கணக்குப் போடுவதும்

ஃபெரஸ் இரும்பை அளக்க ஃபெரோசின் முறை. 1970-இல் வெளியான முறை, இன்றும் அதுவே நடைமுறை. குப்பியிலிருந்து 0.1 மில்லிலிட்டர் எடுத்து 0.9 மில்லிலிட்டர் 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உடனே விடுங்கள். அமிலம் இரண்டு வேலை செய்கிறது: தாதுவின் மீது ஒட்டியிருக்கும் ஃபெரஸைப் பிரித்தெடுக்கிறது; காற்று பட்டு அது மீண்டும் ஃபெரிக் ஆகாமல் காக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அதிலிருந்து சிறிது எடுத்து ஃபெரோசின் கரைசலில் விட்டால் கத்தரிப்பூ நிறம் பொங்கும். 562 நானோமீட்டரில் அளவெடுங்கள். மேக்னடைட் உருவாகியிருந்தால் இந்த அமிலத்தில் ஒரு மணி நேரத்தில் அது முழுதாகக் கரையாது, அளவு குறைத்துக் காட்டும். கறுப்புப் படிவு கண்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. காற்றில்லாத நிலையில் ஷெவனெல்லா லாக்டேட்டை அசிடேட் வரைதான் உடைக்கிறது. ஒரு லாக்டேட்டுக்கு நான்கு எலக்ட்ரான். ஒரு ஃபெரிக் இரும்புக்கு ஒரு எலக்ட்ரான் போதும். ஆக 10 மில்லிமோலார் லாக்டேட் முழுவதும் செலவானாலும் 40 மில்லிமோலார் ஃபெரஸுக்கு மேல் வர முடியாது. மாங்கனீசு டை ஆக்ஸைடுக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும், அங்கே உச்சவரம்பு 20. உங்கள் அளவு இந்த வரம்பைத் தாண்டினால் எலக்ட்ரான் வேறு எங்கிருந்தோ வருகிறது. இந்த ஒரு பெருக்கல் கணக்கு எத்தனையோ தவறான முடிவுகளை முளையிலேயே கிள்ளிவிடும்.

கருவிகள் இல்லாத இடத்தில் தொடங்குபவர்களுக்கு மாங்கனீசுதான் தோழன். ஆக்ஸைடு கருமையாக இருக்கும், ஒடுங்கினால் கரைந்து குப்பி தெளியும். கண்ணே போதும்.

சூழலுக்குக் கொண்டுபோகும்போது

இந்தப் பாக்டீரியாவை மாசு துடைக்கும் நல்லவன் என்று மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் அதிகம். கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

யுரேனியத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு மதிப்புள்ள யுரேனியம் நீரில் கரைந்து நகரும். இரண்டு எலக்ட்ரானைப் பெற்று நான்கு மதிப்புக்கு வந்தால் கரையாத தாதுவாகி மண்ணில் தங்கிவிடும். இரும்பு ஒடுக்கும் பாக்டீரியா இதைச் செய்யும் என்று லவ்லி குழு 1991-இல் காட்டியது. கொலராடோவின் ரைஃபிள் என்னும் இடத்தில் யுரேனியம் கலந்த நிலத்தடி நீருக்குள் 2002-இல் அசிடேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். ஜியோபாக்டர் பெருகியது, 9 நாட்களிலேயே யுரேனியம் குறையத் தொடங்கியது. பிறகு அங்கிருந்த இரும்பு குறைந்து சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் மேலோங்கியபோது, யுரேனியம் மறுபடி ஏறியது. மண்ணில் தங்கிய யுரேனியமும் நிரந்தரமாகப் பூட்டப்பட்டதல்ல; ஆக்ஸிஜனோ நைட்ரேட்டோ வந்து சேர்ந்தால் மீண்டும் கரையும். குரோமியம் இந்த வகையில் தேவலை. ஆறு மதிப்பிலிருந்து மூன்றுக்கு வந்தால் நச்சு வெகுவாகக் குறைந்து, நடுநிலை நீரில் படிந்துவிடும்.

ஆர்செனிக் கதை நேர் எதிர். இரும்பு ஆக்ஸைடுகளின் மேற்பரப்பு ஆர்செனிக்கைப் பிடித்துவைத்திருக்கிறது. பாக்டீரியா அந்த இரும்பைக் கரைத்தால் ஆர்செனிக் குடிநீருக்குள் விடுபடுகிறது. வங்காள டெல்டாவின் குழாய்க் கிணறுகளில் கோடிக்கணக்கானோரைப் பாதித்த துயரத்தின் வேர் இதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மேற்கு வங்க வண்டலை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு, உலோகம் ஒடுக்கும் பாக்டீரியாவின் பங்கை உறுதிசெய்ததோடு, இரும்பு ஒடுங்கிய பிறகே ஆர்செனிக் வெளியேறுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்றும் காட்டியது. சோதனையை இரும்பு ஒடுங்கியவுடன் நிறுத்திவிடுபவர்கள் ஆர்செனிக்கைப் பார்க்காமலேயே போய்விடுவார்கள்.

பாதரசம் உள்ள இடம் இன்னும் கவலைக்குரியது. ஜியோபாக்டரில் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும். மீன் வழியே நம் உடலுக்கு ஏறும் நஞ்சு அது. இதற்கான மரபணு இணை 2013-இல்தான் கண்டறியப்பட்டது. ஓர் இடத்தில் அசிடேட் ஊற்றலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அந்த மண்ணில் ஆர்செனிக்கும் பாதரசமும் எவ்வளவு என்று கேளுங்கள். எலக்ட்ரான் போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாமல்ல.

மருத்துவப் பக்கம்

சூழலியல் வழியாக வருபவர்கள் இந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும்.

இந்தப் பேரினத்தின் முதல் உறுப்பு 1931-இல் கெட்டுப்போன வெண்ணெயிலிருந்து கிடைத்தது. பிறகு பல பெயர் மாறி, மீன் நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஷெவனின் நினைவாக 1985-இல் ஷெவனெல்லா ஆனது. பனிக்கட்டியில் வைத்த கடல்மீன் கெடும்போது எழும் நாற்றத்தில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மீனிலுள்ள டிரைமெத்திலமீன் ஆக்ஸைடின் மீது எலக்ட்ரானை இறக்குகிறது, டிரைமெத்திலமீன் வீசுகிறது. அதே மூச்சு, வேறு ஏற்பி.

மனிதரில் தொற்று உண்டாக்குவது பெரும்பாலும் ஷெவனெல்லா ஆல்கே. கடல்நீரில் நனைந்த புண், காலில் நாள்பட்டு ஆறாத புண், காது, பித்தக்குழாய், சில நேரம் ரத்தம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். வெப்பமான பகுதிகளிலும் கோடைமாதங்களிலும் அதிகம் பதிவாகிறது. ஆய்வகத்தில் அடையாளம் காண ஓர் எளிய குறிப்பு: டிஎஸ்ஐ (மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்த அகார்) குழாயின் அடி கறுத்து, சாய்தளம் காரத்தன்மையுடன் சிவந்தே இருந்து, ஆக்ஸிடேஸ் நேர்மறையாக வந்தால் ஷெவனெல்லாவை நினையுங்கள். சர்க்கரையை நொதிக்காத கிராம் எதிர் கோல்வடிவப் பாக்டீரியாக்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடால் இப்படிக் கறுப்பது இதன் தனி அடையாளம். 42 டிகிரியிலும் 6.5 சதவீத உப்பிலும் வளர்ந்தால், ரத்த அகாரில் சிவப்பணுக்களை உடைத்தால், ஆல்கே. பழைய தானியங்கிக் கருவிகள் பல இதை அதே பேரினத்தின் வேறோர் இனமான புட்ரிஃபேசியன்ஸ் என்றே எழுதிவந்தன. ஆகவே பழைய நோயாளர் அறிக்கைகளில் உள்ள இனப்பெயரை அப்படியே எடுத்தாள வேண்டாம். 16எஸ் (ரைபோசோம் ஆர்என்ஏ) மரபணு வரிசை மட்டும் பார்த்து இனம் சொல்வதும் இந்தப் பேரினத்தில் சறுக்கும். ஜைர்பி மரபணுவையோ முழு மரபணுத் தொகுதியையோ பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் மருந்து எதிர்ப்பு. கார்பபெனெம் என்னும் ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சிதைக்கும் ஆக்ஸா-48 நொதி, 2001-இல் இஸ்தான்புல்லில் ஒரு நோயாளியிடம் கிடைத்த கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவில் முதலில் தெரிந்தது. இன்று பல நாட்டு மருத்துவமனைகளை அலைக்கழிக்கிறது. அந்த மரபணுக் குடும்பத்தின் மூலம் தேடிப்போனால் நீரில் வாழும் ஷெவனெல்லாக்களின் குரோமோசோமில் போய் நிற்கிறது. நாம் ஆய்வகத்தில் கொஞ்சி வளர்க்கும் ஒனிடென்சிஸிடமே ஆக்ஸா-54 என்னும் உறவு இருக்கிறது. குயினலோன் மருந்துகளுக்கு எதிரான கியூஎன்ஆர்ஏ மரபணுவின் பிறப்பிடம் ஷெவனெல்லா ஆல்கே என்பது 2005-இல் தெரியவந்தது. நீரில் ஆன்டிபயாடிக் கழிவு கலப்பதை வெறும் ரசாயன மாசு என்று மட்டும் நினைக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஆகவே இயற்கை நீரிலிருந்து பாக்டீரியா பிரிப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். பிரித்த ஒவ்வொன்றுக்கும் மருந்து உணர்திறன் சோதனையைச் செய்து பதிவேட்டில் எழுதிவையுங்கள். சிகிச்சைக்கு எந்த மருந்து என்பது அந்தந்தக் கிருமியின் சோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. ஆய்வுக் கட்டுரைகளில் படித்ததை வைத்து நாம் சொல்லக் கூடாது. கையில் கீறலோ புண்ணோ இருந்தால் கையுறை இரட்டையாகப் போடுங்கள், வண்டல் எடுக்கப்போகும் நாளானால் போகவே வேண்டாம். அப்படியும் புண் சிவந்து வீங்கினால், மருத்துவரிடம் "வெட்டுக்காயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த நீரில், எத்தனை நாள் முன்பு, உப்புநீரா நன்னீரா, ஆய்வகத்தில் எந்தப் பாக்டீரியாவைக் கையாள்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாதிரி எடுத்து அனுப்பும்போது அந்தத் தாளும் சேர்ந்தே ஆய்வகத்துக்குப் போகட்டும்.